மரம் பேசுவதற்கு முன்

மரம் வாயைத் திறப்பதற்கு முன்பே உமேஷ் அதைச் சொல்லிவிட்டான். முணுமுணுப்புதான். கன்னடத்தில்.

"ஹெசரு ஹேளு. தாரி பிடுத்தீனி."

அடுத்த நொடி திரையில் அந்தக் கிழட்டு மரம் கண் திறந்தது. தமிழில் பேசியது.

"உன் பெயரைச் சொல். வழி விடுகிறேன்."

மகா திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தான் பேசியதே அவனுக்குத் தெரியவில்லை போலிருந்தது. இருவருக்கும் நடுவில் ஷ்ரேயா, ஆறு வயது, பாப்கார்ன் டப்பாவைக் கட்டிப் பிடித்தபடி.

நிழலைத் தொலைத்த இளவரசியின் கதை. இளவரசியும் சூனியக்காரியும் நிஜ மனிதர்கள். மரமும் கரடியும் கம்ப்யூட்டர். வெள்ளிக்கிழமைதான் வெளியாகியிருந்தது. ஷாப்பிங் மாலின் நாலு அரங்குகளில் நாலு மொழிகளில் ஓடியது. டிக்கெட் எடுத்தவன் உமேஷ். தமிழுக்குத்தான் எடுத்திருந்தான்.

மரம் இன்னும் இரண்டு முறை பேசியது. இரண்டு முறையும் அவன் உதடுகள் முந்திக்கொண்டன. கரடி பேசியபோது அசையவில்லை.

இந்தப் படத்தை இவன் கன்னடத்தில் பார்த்திருக்கிறான்.

நேற்று சாயங்காலம் நண்பன் டெரிக்கைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனான். மூன்று மணி நேரம். அதற்கு முன், இரண்டு மாதத்துக்கு முன்னால், வரிசையாக நாலு சனிக்கிழமை ஓவர்டைம் என்றான். லிஃப்ட் சர்வீஸ் வேலை. போன் அணைந்தே இருந்தது. லிஃப்ட் குழிக்குள் டவர் கிடைக்காது என்றான். மகா இரண்டாம் முறை கேட்கவில்லை. நம்பியதால் அல்ல.

ஒன்று மட்டும் இடித்தது. சூனியக்காரி கிணற்றிலிருந்து தலையை நீட்டியபோது உமேஷ் நிஜமாகவே துள்ளினான். ஏற்கெனவே பார்த்தவன் எதற்குத் துள்ள வேண்டும்? நடித்திருக்கலாம். அல்லது முதல் முறை அந்த இடத்தில் அவன் திரையைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். பக்கத்து இருக்கையைப் பார்த்திருக்கலாம்.

இடைவேளை விட்டார்கள். வெளியே இளவரசியின் அட்டை உருவம் ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். ஷ்ரேயா அதன் பக்கத்தில் நிற்க வரிசைக்கு ஓடினாள். கண்ணுக்கு எட்டும் தூரம்தான்.

"யாரோட பாத்தீங்க?" என்றாள் மகா.

"என்னத்த?"

"இந்தப் படத்த. கன்னடத்துல."

"இப்பதான் மகா பாக்கறோம்."

"மரத்துக்கு முன்னாடி உங்க வாய் பேசுது. மரம் என்ன உங்க மாமனா?"

உமேஷ் மகளைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"மரம் நான்தான்."

"என்ன?"

"கன்னடத்துல மரம் நான்தான். டெரிக் டப்பிங் ஸ்டுடியோல சவுண்டு பாக்கறான்ல. கெட்டிக் குரலா ஒண்ணு வேணும்னு கூட்டிட்டுப் போனான். நாலு சனிக்கிழம. போன ஆஃப் பண்ணி வெளியவே ஒரு டப்பால போட்றணும். உள்ள விட மாட்டாங்க."

"லிஃப்ட் குழியில டவர் இல்லன்னு சொன்னீங்களே."

"சொன்னேன்."

"அப்ப பொய்யி."

"பொய்தான்."

"இப்ப படத்த பாக்கலன்றது மட்டும் நெஜமா?"

"மரம் வர்ற துண்ட மட்டும்தான் காட்டுவாங்க. அதையே இருவது தரம் ஓட்டுவாங்க. மீதிக் கத எனக்கு எப்டித் தெரியும்? கெணத்துலேர்ந்து அவ எந்திரிச்சப்ப எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சி."

எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. அதுதான் மகாவுக்குப் பிடிக்கவில்லை.

"அப்ப கன்னட ஷோவுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாமே. எனக்குப் பேசத்தான் வராது. கேட்டாப் புரியும். புள்ளைக்கு நல்லாவே வரும்."



"கடைசில வேற ஆள வெச்சி மாத்திருவாங்க. மாத்துனா நம்மகிட்ட சொல்லவும் மாட்டாங்க. நகைக் கட விளம்பரம் ஞாபகம் இருக்கா?"

இருந்தது. மூன்று வருடம் ஆகிறது. ரேடியோவில் தன் குரல் வரப்போகிறது என்று தங்கள் பேட்டையான ஜோகுபாளையம் முழுக்கச் சொல்லி வைத்தான். மாமியார் வீட்டில் பத்துப் பதினைந்து பேர் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். விளம்பரம் வந்தது. வேறொருவன் பேசினான். தெருவில் இன்றைக்கும் சிலருக்கு அவன் பெயர் நகைக்கடை.

"நேத்து இங்கதான் வந்தேன்," என்றான். "தனியா. கன்னட ஷோவுக்கு டிக்கெட்கூட எடுத்தேன். உள்ள போகல."

"மூணு மணி நேரம் என்ன பண்ணீங்க?"

"பார்க்கிங்ல வண்டி மேல உக்காந்திருந்தேன்."

நம்பலாம். நம்பாமலும் இருக்கலாம்.

மகா காட்சி நேரம் போட்டிருந்த பலகையைப் பார்த்தாள். கன்னடம், நாலாம் அரங்கு. இவர்களுடைய காட்சிக்கு அரை மணி நேரம் கழித்து ஆரம்பித்திருந்தது. மரம் வர இன்னும் இருபது நிமிடம் இருக்கும்.

"நான் போய்க் கேக்கறேன்."

"வேணாம்."

"ஏன் வேணாம்?"

"வேணாம் மகா." அவள் கையைப் பிடித்தான். அவன் உள்ளங்கை ஈரமாக இருந்தது.

மாட்டிக்கொள்ளப் போகிறவனின் கையும் இப்படித்தான் வியர்க்கும். அவள் கையை உருவிக்கொண்டு கவுண்டருக்குப் போனாள்.

நாலாம் அரங்கில் ஓரத்து இருக்கை கிடைத்தது. அதே காடு. அதே கிணறு. சூனியக்காரி எழுந்தபோது அரங்கமே அலறியது. மகா அலறவில்லை. காத்திருந்தாள்.

மரம் கண் திறந்தது.

"ஹெசரு ஹேளு. தாரி பிடுத்தீனி."

கனமான குரல். வழவழப்பான குரல். வயதானவருடையது. இரண்டாவது வசனத்தையும் கேட்டாள். மூன்றாவதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். எட்டு வருடமாகக் கேட்கும் குரல் அவளுக்குத் தெரியும். சண்டையில், காய்ச்சலில், போனில். இது உமேஷ் இல்லை.

ஸ்டுடியோவில் ஆளை மாற்றியிருக்க வேண்டும். அல்லது யாராலும் சரிபார்க்க முடியாத ஒரு பொய்யை அவன் தேடிப் பிடித்துச் சொல்லியிருக்க வேண்டும். டெரிக்கைக் கேட்கலாம். டெரிக் அவன் கூட்டாளி.

எழுந்தாள்.

தமிழ்க் காட்சியில் அவர்கள் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஷ்ரேயா அவளைக் கிள்ளினாள்.

"எங்கம்மா போன? கரடி செத்துப்போச்சு."

"அப்டியா?"

"திரும்பி வரும்னு அப்பா சொல்றாரு. அவருக்கு ஒண்ணும் தெரியல."

உமேஷ் எதுவும் கேட்கவில்லை. நேராகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பொய் சொன்னவன் உடனே கேட்பான் என்று மகா நினைத்தாள். இல்லை, பொய் சொன்னவன்தான் கேட்கவே மாட்டான். எது என்று முடிவுக்கு வர முடியவில்லை. திரையில் யாரோ குதிரையில் போனார்கள். போய்க்கொண்டே இருந்தார்கள்.

பிறகு அவன் மகளின் தலைக்கு மேலாகச் சாய்ந்தான்.

"வந்துச்சா?"

"என்னது?"

"என் குரலு."

இருட்டில் அவன் முகம் தெரியவில்லை. குரல் மட்டும்தான் வந்தது. சின்னதாகக் கேட்டான். அந்தக் கேள்விக்குள் இன்னொரு பெண் இல்லை. தப்பிக்கும் யோசனை இல்லை. வேறு எதற்கும் அதில் இடமே இல்லை.

"இல்ல," என்றாள். "வேற ஆளு."

உமேஷ் தலையாட்டினான். கொஞ்சம் கழித்து மறுபடியும் ஆட்டினான்.

"நல்லா பேசறானா?"

"நல்லாத்தான் பேசறான்."

"பேசுவான். பெரிய ஆளா இருப்பான்."

அவன் இருக்கையில் சரிந்து உட்கார்ந்தான். ஷ்ரேயா ஒரு கை பாப்கார்னை அவன் மடியில் வைத்தாள். அவன் எடுக்கவில்லை.

மகாவுக்கு மூச்சு இப்போதுதான் ஒழுங்காக வந்தது. சந்தோஷமாக இருந்தாள். அதை அவளால் நிறுத்த முடியவில்லை. அவன் கை ஷ்ரேயாவின் இருக்கைக்குப் பின்னால், எட்டும் தூரத்தில் கிடந்தது. பிடித்தால் அந்தச் சந்தோஷம் அவனுக்குத் தெரிந்துவிடும். மடியில் தன் கைகளைக் கோத்துக்கொண்டு படத்தைப் பார்த்தாள்.