நாலு நாள் கழித்து

நைல் நதி ஓடத்திலிருந்து இறங்கி நெஸ்மின் ஓடிவந்த வேகத்தைப் பார்த்து, சம்பந்தியம்மாள் ஹெனுத் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். உள்ளே நெஸ்மினின் ஒரே மகள் தமித், காய்ச்சலால் விடியற்காலையில் செத்துக் கிடந்தாள்.

"இன்னைக்கே என் கூடாரத்துக்கு அனுப்பிடுங்க, சம்பந்தி. இந்த வெயில்ல முகம் தாங்காது."

"வயசுப் பொண்ணு. நாலு நாள் போகட்டும். அதானே வழக்கம்."

"நான் அவளைப் பெத்தவன்."

"நீங்க சரி. உங்க கூடாரத்து ஆம்பளைங்க?"

"நான் ஒருத்தனே செய்யறேன்."

"ஊரு நம்பணுமே."

மேற்குக் கரையில் பிணங்களைப் பதப்படுத்தும் கூடாரத்துக்கு முப்பது வருடமாக நெஸ்மின்தான் தலைவர். இளம்பெண்ணின் உடல் வந்தால், அழுகாத உடலைக் கூடாரத்து ஆண்கள் கெடுத்துவிடுவார்கள் என்ற ஊர்ப்பேச்சுக்குப் பயந்து, "நாலு நாள் கழிச்சுக் கொண்டுவாங்க" என்று கூசாமல் திருப்பி அனுப்பியவர். எத்தனை தகப்பன்மார் காலில் விழுந்திருப்பார்கள். அப்போதெல்லாம் அவருக்கு மனது கல்லாக இருந்தது.

மருமகன் பாசெர் பக்கம் திரும்பினார். "நீங்களாவது சொல்லுங்க, மாப்பிள்ளை. முகம் போச்சுன்னா, திரும்பி வர்ற உயிருக்குத் தன் உடம்பு எதுன்னு தெரியாது."

"அம்மா சொல்றதுதான், மாமா." பாசெர் தரையைப் பார்த்தான்.

நாலு நாளும் நெஸ்மின் படித்துறையிலேயே கிடந்தார். அந்த வீட்டு ஜன்னலில் ஈ மொய்ப்பது அங்கிருந்தே தெரிந்தது. அவர் என்னதான் செய்வார், பாவம்.

ஐந்தாம் நாள் கூடாரத்தில் துணியை விலக்கியவர், வெளியே போய் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தார். பிறகு வேலையைத் தொடங்கினார். நாற்பது நாள் உவர் உப்பில் உடல் நன்றாகவே வற்றியது. முகம்தான் இல்லை. பிசினில் தோய்த்த துணியை வைத்து வைத்து, கன்னம், மூக்கு, மோவாய் என்று பிடித்தார். முடித்துப் பார்த்தால், கல்யாணத்தன்று ஓடம் ஏறிய பதினான்கு வயதுச் சிறுமி படுத்திருந்தாள்.

அந்தக் கல்யாணம் முடிந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. தன்மேல் வீசும் பிண வாடை மகள் வீட்டில் ஏற வேண்டாமென்று அவர் அந்தப் படி ஏறியதில்லை. திருவிழாக் கூட்டத்தில் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி.

உடலை வாங்க வந்த பாசெரைக் கூடாரத்துக்கு வெளியிலேயே நிறுத்தினார்.

"மாப்பிள்ளை, அவளுக்குக் கன்னம் ஒட்டியிருந்துச்சா, சதை பிடிச்சிருந்துச்சா?"

"பெத்தவருக்குத் தெரியாதா, மாமா?"

நெஸ்மின் பிசின் காய்ந்த விரல்களைத் தேய்த்துக்கொண்டார்.

"தெரியாது, மாப்பிள்ளை. கொஞ்சம் சொல்லுங்க."