காளானும் நத்தையும்

அன்று குருத்வாராவின் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் மருமகள் ருபிந்தர், ஐந்து வயதுப் பேரன் ஏகம், எதிர்வரிசையில் பச்சித்தர் சிங், ஏகத்தின் வகுப்பிலேயே இருக்கும் அவன் பேத்தி சிஃபத். ரொட்டி பரிமாறிய குர்மேஜ் என்ற பெண்ணையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். செய்தியைப் பரப்பியவள் அவள்தான்.

இத்தாலியில், கிரெமோனா பக்கத்து மாட்டுப் பண்ணைகளுக்கு முதலில் வந்தது எங்கள் குடும்பம். பச்சித்தருக்கு வேலை வாங்கிக் கொடுத்தவன் நான். இருபத்தாறு வருடம் பால் கறந்தும், மாட்டின் காதில் தொங்கும் எண்ணைத் தவிர இந்த ஊர் எழுத்து எனக்குப் பிடிபடவில்லை. அந்த எழுத்து ஒரு வீட்டுக்குள் வரும் நாளில் முதலில் என் வீட்டுக்குள்தான் வர வேண்டும் என்று இருந்தேன். ஆனால் அன்று பச்சித்தரின் பேத்தி மாவு மூட்டை மேல் இருந்த எழுத்தைப் படித்தாள். எண்ணெய் டின்னைப் படித்தாள். சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புக் கருவியையும் விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் கூடம் கைதட்டியது.

"அண்ணே, உங்க பையன் எப்படி? மாட்டுக் காது நம்பராவது படிப்பானா?" என்றான் பச்சித்தர்.

சட்டைப் பையில் ஒரு மாதமாக நான் சுமந்த தாளை எடுத்தேன். பாலர் பள்ளி டீச்சர் வீட்டுக்கு ஒன்று என்று கொடுத்தது. வகுப்புப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேரின் பெயர்ப் பட்டியல். ஏகம் அதை வீட்டில் முழுவதும் வாசித்துக் காட்டியிருந்தான்.

ருபிந்தர் மெல்லச் சொன்னாள்: "வேண்டாம் பாபாஜி."

நான் கேட்கவில்லை. தாளை அவன் முன் விரித்தேன். ஆர்தூரோ, ஜினெவ்ரா, தோபியா என்று விரல் வைத்து ஒப்பித்தான். ஒன்றுகூடத் தப்பவில்லை. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பச்சித்தர் சிரித்தான். "அண்ணே, அந்தப் பள்ளிக்கூடத்துல எழுத்தே சொல்லித் தர்றதில்ல. ஆளுக்கு ஒரு படம். கோட்டு மாட்டுற கொக்கிலயும் அதுதான், கைத்துண்டுலயும் அதுதான். உங்க பையன் காளான், என் பொண்ணு நத்தை. அவன் படத்தைப் பாத்துப் பேர் சொல்றான்."

பெயர்களுக்குப் பக்கத்தில் இருந்த படங்களை நான் அலங்காரம் என்று நினைத்திருந்தேன். பள்ளிக்கு அவனைக் கூட்டிப் போனது மருமகள், அவளுக்குத் தெரியும்.

பச்சித்தர் எட்டிக் குனிந்து உள்ளங்கையால் படங்களை மறைத்தான். "இப்ப படிக்கச் சொல்லுங்க." நடுவில் ஒரு பெயரை விரலால் தொட்டான்.

ஏகத்தின் காது சிவந்தது. குர்மேஜ் ரொட்டிக் கூடையோடு நின்றாள். என் தலைப்பாகை திடீரென்று கனத்தது.

"லியா" என்றான் ஏகம்.

பச்சித்தர் விரலை மாற்றினான். "பியேத்ரோ." மறுபடி. "ஜினெவ்ரா." கையை எடுத்துப் படங்களோடு ஒத்துப் பார்த்தான்: ஏழு பெயர்கள், ஏழும் சரி. கூடம் ஆர்ப்பரித்தது. பச்சித்தரே என் கையைப் பிடித்துக் குலுக்கினான். நான் கையைக் கொடுத்தேன்.

ஏகம் தாளைப் பார்க்கவே இல்லை. எதிரே இருந்த சிஃபத்தின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. தாள் அவளுக்குத் தலைகீழாக இருந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன்: "அவ ஏண்டா சொல்லிக் குடுத்தா?"

"அவளுக்கு மேலங்கில பின்னாடி பொத்தான் போட வராது தாதாஜி. நான்தான் போட்டுவிடுவேன்."

பொறாமை அன்றோடு தணிந்தது என்று எழுத ஆசை. தணியவில்லை. தலைகீழாகப் படிக்கிறவள், அதிலும் தன் தாத்தா தோற்கும்படி படிக்கிறவள், ஏன் அந்த வீட்டில் பிறந்தாள் என்று வாய்க்கால் ஓரம் முழுக்க நினைத்துக்கொண்டே நடந்தேன்.

இப்போது ஜலந்தரிலிருந்துகூட என் தங்கை போன் செய்கிறாள், "பேரன் பெரிய பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடியே இத்தாலியன் படிக்கிறானாமே" என்று. மூன்று ஊர் குருத்வாராக்களிலும் அதே பேச்சு.

ஏகம் படிக்கவில்லை. படித்தவள் பச்சித்தர் சிங்கின் பேத்தி சிஃபத்.