பாகில் மாயமான காகிதம்

மனைவிக்குப் பதவி உயர்வு கிடைத்த அன்று தையல்காரர் கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு வந்து, அவளுக்காகப் பேரிக்காய்களைச் சர்க்கரைப் பாகில் வேகவைக்க இறங்கினார். காம்பை விட்டுவிட்டுத் தோல் சீவிய நாலு பழமும் பாகுக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டு மிதந்தன. மேல்பக்கம் காயாமலிருக்க பட்டர் பேப்பரை வட்டமாக வெட்டி, ஆவி போக நடுவில் ஓட்டை போட்டு, பழத்தின் மேலேயே மூடச் சொன்னது சமையல் குறிப்பு. வெட்டுவதற்கு அவருக்கா சொல்லித்தர வேண்டும்? கனகச்சிதமாக வெட்டி மூடினார்.

போன் அடித்தது. பேசிவிட்டு வந்தால் காகிதத்தைக் காணோம். இன்னொன்று வெட்டிப் போட்டார். சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவரை வாசலோடு அனுப்பிவிட்டுத் திரும்பினால் அதுவும் மாயம். கரண்டியால் துழாவினார், ஒரு துணுக்குகூடச் சிக்கவில்லை. மூன்றாவதும் காணாமல் போனபோது அவருக்குத் தலை சுற்றியது. காகிதம் பாகில் கரையுமா என்ன? கரைந்திருந்தால் மூன்றும் இப்போது பழத்துக்குள்தானே இருக்கும்?

"அமிர்தமா இருக்குங்க, சாப்பிடுங்க" என்றாள் மனைவி. அவர் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார்.

வீட்டோடு இருக்கும் மாமனார் தன் பழத்தை முடித்துவிட்டு அவர் காதருகே சாய்ந்தார்.

"மாப்பிள்ளை, நான் தண்ணி குடிக்க வந்தப்பல்லாம் பாத்திரத்துல காகிதம் கெடந்துது. மூணு தடவையும் நான்தான் எடுத்துக் குப்பைல போட்டேன். தவறி விழுந்த மாதிரி தெரியல. நல்லா வட்டமா, கைதேர்ந்த ஆள் வெட்டின மாதிரி, நடுவுல ஓட்டை வேற." குரலை இன்னும் தாழ்த்தினார். "இந்த வீட்டுல உங்க மேல யாருக்கு இவ்வளவு கோவம்?"