கல்கல் பெட்டியில் போன வட்டிக் கணக்கு

‘டிசம்பர் 19, வெள்ளி. இன்றைய தவறு: ஏழாம் எண் கவர் இரண்டு இருந்தன. இரண்டுக்கும் எண் போட்டது நான்தான். சிறிய தவறு.’

இவ்வளவு எழுதிவிட்டு ஜெஸ்ஸி டைரியை மூடினாள். மறுபடி திறந்து ‘சிறிய’ என்ற சொல்லை அடித்தாள்.

மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் அவளுடைய பெரியம்மா எலிசபெத் ஒரு தையல் ஷெட் வைத்திருந்தாள். பெரிய ஆபீஸ்களில் தரை துடைப்பவர்களுக்கும் வாசலில் காவல் நிற்பவர்களுக்கும் அங்கேதான் சீருடை தைத்தார்கள். பகலில் ஷெட்டுக் கணக்கை ஜெஸ்ஸி பார்த்துக்கொண்டாள். சாயங்காலமானால் தார்நாக்காவில் கணக்கியல் வகுப்பு. கிறிஸ்மஸ் வந்துவிட்டால் பெரியம்மா ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பெட்டி கல்கல் இனிப்பும் அச்சு முறுக்கும் அனுப்புவாள். நேரத்துக்குப் பணம் தருகிறவர், இழுத்தடிக்கிறவர் என்ற பேதமே கிடையாது. கூடவே ஒரு வாழ்த்து அட்டையும் போகும்.

இழுத்தடிப்பதில் மாதாப்பூர் கம்பெனியை மிஞ்ச ஆளில்லை. ஆனால் ஷெட்டுக்கு வரும் வேலையில் பாதி அவர்களுடையது. ஜூலையில் வாங்கிப்போன சட்டைகளுக்கே இன்னும் பணம் வரவில்லை. அதனால் வருடாவருடம் டிசம்பரில் ஒன்று நடக்கும். தையல்காரர்களுக்குப் பண்டிகைப் பணம் கொடுக்கப் பெரியம்மாவின் செயின் அடகுக்கடைக்குப் போகும். வீட்டில் இருக்கும் கிறிஸ்மஸ் போட்டோக்கள் எல்லாவற்றிலும் புதுப்புடவை இருக்கிறது, கழுத்து மட்டும் வெறுமையாக இருக்கிறது. இந்த வருடம் திங்கட்கிழமை சாயங்காலம் அடகு வைப்பதாக இருந்தது.

வகுப்பில் சொல்லித் தந்த ஒரு சட்டம் ஜெஸ்ஸியை விடாமல் பிடித்துக்கொண்டது. பதிவு செய்த சிறுதொழில்காரரிடம் சரக்கு வாங்குகிறவர் கெடுவுக்குள் பணம் தர வேண்டும். தராவிட்டால் மாதாமாதம் கூட்டு வட்டி, அதுவும் ரிசர்வ் வங்கியின் விகிதத்தைப் போல மூன்று மடங்கு. ஷெட் பதிவு செய்யப்பட்டதுதான். அவள் நான்கு முறை கணக்குப் போட்டாள், நான்கு விடை வந்தது. ஐந்தாவது முறை வந்த தொகையை நம்பி ஒரு கடிதம் தயாரித்தாள்.

பெரியம்மா ஒரே பேச்சில் முடித்தாள். “பண்டிகை நேரத்துல வட்டி கேக்குறதா? ஜனவரில பாக்கலாம், எடுத்து வை.”

எடுத்து வைக்க வெறும் கவர் கிடைக்கவில்லை. வாழ்த்து அட்டையின் சிவப்புக் கவர் ஒன்று மிச்சமிருந்தது, அதில் போட்டு மேஜை மேல் வைத்தாள். எதற்கும் எண் போட்டு வைப்பது அவள் வழக்கம். மாதாப்பூர் கம்பெனி அவள் பட்டியலில் ஏழு. அனுப்பாத கடிதத்துக்கும் ஏழு என்று போட்டாள்.

பெரியம்மா மகன் ஜேம்ஸ்தான் பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனான். ஏழாம் பெட்டிக்கு ஏழாம் கவர் என்று ஒழுங்காகத்தான் சொருகினான். அன்று சாயங்காலம் ஜெஸ்ஸி மேஜையைத் துடைத்தபோது இன்னொரு ஏழாம் கவர் கிடந்தது. உள்ளே நட்சத்திரமும் ஆட்டுக்குட்டியும் போட்ட வாழ்த்து அட்டை.

சனிக்கிழமை காலையில் அவள் விஷயத்தைச் சொன்னாள். பெரியம்மா இட்லித் தட்டைக் கீழே வைத்தாள்.

“கல்கல்லோட வட்டிக் கணக்கா? ஏண்டி, நாலு நாளா கையொடிய மாவு உருட்டினேனே, இதுக்கா?”

“என் தப்புதான் பெரியம்மா.”

“என்னன்னு எழுதியிருக்க?”

“‘அன்புடையீர்’னு ஆரம்பிச்சிருக்கேன்.”

“ஆமா, அன்பு ரொம்பத்தான் கொட்டுது!”

ஜேம்ஸ் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் போனான். “எதுக்கு டென்ஷன்மா? நாம மெயில் போட்டா எவன் படிக்கிறான்? தின்பண்டத்துக்குள்ள வெச்சா எவனும் படிப்பான்.”

“நீ வாய மூடு. ஆர்டர் போச்சுன்னா உன் ஆட்டோவுக்கு டியூ யார் கட்டுவா?”

அவன் ஆட்டோச் சாவியை எடுத்துக்கொண்டு நழுவினான்.

திங்கட்கிழமை பெரியம்மாவும் ஜெஸ்ஸியும் மன்னிப்புக் கேட்க மெட்ரோவில் கிளம்பினார்கள். செயின் பெரியம்மாவின் கைப்பையில் கைக்குட்டையில் சுற்றியிருந்தது. அங்கிருந்து திரும்பும் வழியில் நேரே அடகுக்கடைக்குப் போய்விடலாம் என்று ஏற்பாடு. ஜெஸ்ஸியின் பையில் விட்டுப்போன வாழ்த்து அட்டை, கூடவே வகுப்பு நோட்டு. நோட்டை எதற்கு எடுத்துவந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வண்டி அமீர்பேட்டையைத் தாண்டியது. “நான் பேசிக்கிறேன், நீ தலைய மட்டும் ஆட்டு” என்றாள் பெரியம்மா.

கம்பெனியில் பில்களுக்குப் பணம் அனுப்புகிறவர் கிருஷ்ணபிரசாத். இருவரையும் பார்த்ததும் எழுந்துவந்தார். அவர் தெலுங்கில் பேசினார், பெரியம்மாவும் சளைக்காமல் தெலுங்கில் பேசினாள்.

“எலிசபெத்தம்மா, என்ன காரியம் பண்ணிட்டீங்க! எங்க முதலாளி ஹர்ஷிதா மேடம்தான் பெட்டியத் திறந்தாங்க. வாழ்த்துன்னு நெனச்சு, எல்லாரையும் கூப்பிட்டு வெச்சு, கவரப் பிரிச்சு சத்தமாப் படிச்சாங்க. கூட்டு வட்டின்னு வர்ற வரைக்கும் நாங்க கைதட்டிட்டே இருந்தோம்.”

ஜெஸ்ஸிக்கு அந்தத் தரைக்குள்ளேயே புதைந்துவிடலாம் போலிருந்தது.

“கொழந்த தெரியாம வெச்சிடுச்சு சார்” என்றாள் பெரியம்மா. இருபத்து மூன்று வயதுக் குழந்தை தலையை ஆட்டியது.

“மேடம் என்னைக் கூப்பிட்டு ஏன் இவங்களுக்கு இத்தன நாள் குடுக்கலன்னு கேட்டாங்க. நான் என்ன சொல்ல? போன் பண்ணி கத்துறவங்களுக்குத்தான் மொதல்ல குடுப்போம். நீங்க ஒரு நாளும் கத்தினதில்ல, கல்கல்தான் அனுப்புவீங்க.”

 பெரியம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்க வந்த முகம் கலைந்து, துணிக்கடைக்காரனிடம் பேரம் பேசும் முகம் வந்துவிட்டது என்பது ஜெஸ்ஸிக்குத் தெரிந்தது.

“சரி சார். இப்ப கத்தட்டுமா?”

“வேண்டாம் வேண்டாம். பில் பணம் பூரா இன்னிக்கே போட்டுடறோம், மேடம் சொல்லிட்டாங்க. வட்டிய மட்டும் விட்டுக் குடுங்க. பிப்ரவரில பெரிய ஆர்டர் வருது.”

“ஆர்டரும் குடுங்க, வட்டியும் குடுங்க. கொழந்த கஷ்டப்பட்டு அஞ்சு தடவ போட்ட கணக்கு.”

கிருஷ்ணபிரசாத் சிரித்தார். கடிதத்தை எடுத்து ஒரு வரியில் விரல் வைத்தார். “இதுல நாப்பத்தஞ்சு நாள் கெடுன்னு போட்டிருக்கு. நமக்குள்ள எழுத்துல ஒப்பந்தமே கெடையாதே? காபி குடிச்சிட்டே பேசினதுதானே எல்லாம்? அப்புறம் நாப்பத்தஞ்சு எங்கேருந்து வந்துச்சு?”

உண்மைதான். பெரியம்மா யாரிடமும் கையெழுத்து வாங்கியதே இல்லை. பேச்சுதான் எல்லாம்.  ஜெஸ்ஸி போட்ட கணக்கு தப்பு, ஆரம்பமே தப்பு. நோட்டை எடுத்துப் புரட்டினாள். அந்த வகுப்பன்று மின்சாரம் போனதால் பாதி வெளிச்சத்தில் கிறுக்கிய பக்கம் அது. ஒரு முறை படித்தாள், இன்னொரு முறையும் படித்துப் பார்த்துக்கொண்டாள்.

“சார்... தப்பாயிருந்தா சொல்லுங்க. நாப்பத்தஞ்சு நாளெல்லாம் ஒப்பந்தம் எழுதினவங்களுக்கு. எழுதலைன்னா பதினஞ்சு நாள்தானாம். நான் முப்பது நாள் வட்டிய விட்டுட்டேன். இன்னும் கூட வரும்.”

 கிருஷ்ணபிரசாத் கடிதத்தை மெதுவாக மடித்தார். “ஒரு நிமிஷம்” என்று உள்ளே போனார்.

“என்னடி சொன்ன?” என்று பெரியம்மா தமிழில் கிசுகிசுத்தாள்.

“சரியாத்தான் சொன்னேன்னு நெனக்கிறேன்.”

“நெனக்கிறியா?”

திரும்பிவந்தபோது அவர் கையில் பாதி தின்ற அச்சு முறுக்கு இருந்தது. “ஆடிட்டருக்குப் போன் போட்டோம். பொண்ணு சொல்றது சரிதான்னுட்டார். மேடம் கேக்கறாங்க, மொத லெட்டர்ல இருக்கிற வட்டிய இப்பவே போட்டுட்டா அந்தப் பதினஞ்சு நாள் கணக்க விட்டுடுவீங்களா?”

பெரியம்மா ஜெஸ்ஸியைப் பார்த்தாள். ஜெஸ்ஸி தலையை ஆட்டினாள், இந்த முறை யாரும் சொல்லாமலே.

“பண்டிகைக்காக விடறேன்” என்றாள் பெரியம்மா. “ஆனா பிப்ரவரி ஆர்டர் எழுத்துலதான்.”

அவர்கள் காபி குடித்து முடிப்பதற்குள் பெரியம்மாவின் போன் இரண்டு முறை ஒலித்தது. ஒன்று அசல், இன்னொன்று வட்டி. பெரியம்மா கண்ணாடி போட்டுப் பார்த்தாள், கழற்றிவிட்டும் பார்த்தாள்.

மெட்ரோவில் கூட்டம் நெருக்கியது. கம்பியைப் பிடித்து நின்றபடியே அவள் கைக்குட்டையைப் பிரித்தாள். “கொக்கிய மாட்டி விடு” என்று முதுகைக் காட்டினாள். வண்டி ஆட ஆட, மூன்றாம் தடவைதான் கொக்கி மாட்டியது.

“ஜேம்ஸ்கிட்ட சொல்லாத. தின்பண்டத்துக்குள்ள வெச்சா படிப்பான்னு சொன்னான்ல, இனி அவன் ஆட்டம் தாங்காது.”

வீட்டுக்கு வந்து பையைத் திறந்தபோதுதான் ஜெஸ்ஸி பார்த்தாள். கொடுக்கக் கொண்டுபோன சிவப்புக் கவர் அப்படியே இருந்தது.

‘டிசம்பர் 22, திங்கள். இன்றைய தவறு: வாழ்த்து அட்டையைக் கொடுக்க மறந்துவிட்டேன். செயின் பெரியம்மா கழுத்தில் இருக்கிறது. நாளைய வேலை: மாதாப்பூருக்கு ஒப்பந்தம் எழுத வேண்டும், கெடு முப்பது நாள். ஏழாம் எண் அட்டையைத் தபாலில் சேர்க்க வேண்டும். ஒட்டுவதற்கு முன் கவருக்குள் பார்க்க வேண்டும்.’