ஜனவரி ஏழில் நத்தார்

1994 ஜனவரி ஏழாம் திகதி, வெள்ளிக்கிழமை பிற்பகல், புலம்பெயர்ந்து வந்திருந்த மோர்டன் ஊர் வீட்டில் இருந்தவர்கள் அம்பலவாணன், மனைவி கனகாம்பிகை, மகள் செல்வமலர், செய்தி கொண்டு வந்த சபாரத்தினம் ஆகிய நால்வர். வேறு ஒருவரும் இருக்கவில்லை.

கனகாம்பிகையின் தம்பி சிவானந்தனை ஆள் கடத்தும் ஏஜென்ட் ஒருவன் உக்ரைன் வழியாக ஜெர்மனிக்குக் களவாக அனுப்பியிருந்தான். கூடப் போனவர்கள் சேர்ந்துவிட்டார்கள். சிவானந்தன் பனியில் விழுந்துவிட்டானாம். அவனை விட்டுவிட்டு நடந்தார்களாம். உக்ரைனில், லிவீவ் நகரத்து ஆஸ்பத்திரியொன்றில் பெயர் தெரியாத கறுத்த ஆள் ஒருவன் கிடக்கிறானாம். அது அவன்தானா, உயிர் இருக்கிறதா என்று சொல்ல ஆளில்லை. சபாரத்தினத்திடம் ஆஸ்பத்திரியின் தொலைபேசி இலக்கம் மட்டும் இருந்தது.

"ஏஜென்ட் ரெண்டு தரம் ரஷ்ய பாஷையிலை எடுத்துப் பாத்தவனாம், அண்ணை. டக்கெண்டு போனை வச்சுப்போட்டினமாம்."

அம்பலவாணன் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டம் படிக்க இடம் கிடைத்தும் அவள் உக்ரேனிய மொழியும் பண்பாடும் படிக்கப் போனது அவருக்குத் தலைகுனிவு. கேட்பவர்களிடம் "யுனிவர்சிட்டியிலை படிக்கிறாள்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். சிவானந்தனோடும் எட்டு வருடமாக அவருக்குப் பேச்சில்லை.

"அங்கை ரஷ்ய பாஷையெண்டால் பிடிக்காது. நான் உக்ரேனிய மொழியிலை எடுக்கிறன், அப்பா."

"ஆரும் ஒட்டுக்கேட்டால்? எங்கடை அகதிப் பேப்பர் இன்னும் ஹோம் ஒபிசிலை கிடக்குது, பிள்ளை."

"மாமா செத்துப்போனால் பேப்பரை வச்சு என்ன செய்யப் போறியள்?"

கனகாம்பிகை சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

செல்வமலர் இலக்கத்தை அழுத்தினாள். நீண்ட நேரம் மணி அடித்தபின் எரிச்சலான பெண்குரல் ஒன்று கேட்டது. செல்வமலர் எதையும் விசாரிக்கவில்லை. "கிறிஸ்து பிறந்தார்" என்று உக்ரேனிய மொழியில் சொன்னாள். பழைய நாட்காட்டிப்படி அங்கே அன்றைக்குத்தான் நத்தார், கிறிஸ்து பிறந்த நாள். அன்று ஒருவரையொருவர் அப்படித்தான் வாழ்த்துவார்கள் என்று அவள் வகுப்பில் படித்திருந்தாள். "அவரைப் போற்றுவோம்" என்று அந்தக் குரல் இளகிப் பதில் சொன்னது.

செல்வமலர் பேசிவிட்டு ரிசீவரைக் கையால் பொத்தினாள். "அந்த ஆள் உயிரோடை இருக்கிறார். காலிலை ரெண்டு விரல் எடுத்தாச்சாம். ஆனால் வாய் திறக்கிறாரில்லையாம். ஊமையெண்டு நினைச்சுக்கொண்டிருக்கினம்."

"சிவானந்தனோ ஊமை? அவன் வாயாலைதானே கெட்டவன்!" என்றார் அம்பலவாணன்.

"ஏஜென்ட்மார் சொல்லிக் குடுக்கிற பாடம் உது, அண்ணை" என்றார் சபாரத்தினம். "பிடிபட்டால் வாய் திறக்காதை, தமிழிலை கூப்பிட்டாலும் நம்பாதை, அது பொறி எண்டு."

செல்வமலர் கேட்டுக்கொள்ள, மறுமுனையில் இருந்த நர்ஸ் அவன் கட்டிலைத் தொலைபேசி மேசைவரை தள்ளிக்கொண்டு வந்து, ரிசீவரை அவன் காதில் வைத்தாள்.

"தம்பி, ராசா, அக்காவடா!" அழுகையில் கனகாம்பிகையின் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. மறுமுனையில் மூச்சு மட்டும். "மாமா" என்றாள் செல்வமலர். அதற்கும் மூச்சுத்தான்.

அம்பலவாணன் ரிசீவரை வாங்கினார். தனக்கும் பதில் வராவிட்டால் அது யாரோ ஒருவன். சிவானந்தன் பனிக்குக் கீழே.

"டேய், என்ரை சைக்கிளை வித்துத் திண்ட கள்ளன் நீதானே?"

மூச்சு நின்றது.

"நான் விக்கேல்லை, அத்தான்." தொண்டை வறண்ட குரல். "சந்தையடியிலை களவு போனது. எத்தினை தரம் சொன்னனான்!"

அம்பலவாணன் கதிரையில் உட்கார்ந்தார். "சரி, நம்பிறன். அந்த மனிசி கேக்கிறதுக்கு உன்ரை சரியான பெயரைச் சொல்லு."

"திருப்பி அனுப்பிப்போடுவாங்கள், அத்தான்."

"எனக்கும் பயம்தான்ரா. பிள்ளை கதைப்பாள். சொல்லு."

சொன்னான். அவனைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று ஒன்பது மாதம் அந்த வீட்டில் ஒருவரும் சரியாகத் தூங்கவில்லை. செல்வமலர் கிழமைக்கு இரண்டு தரம் லிவீவ் ஆஸ்பத்திரியோடும் அதிகாரிகளோடும் கதைத்தாள். பத்தாம் மாதம் அவன் நொண்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

செல்வமலர் ஓர் உக்ரேனியப் பெடியனை விரும்பித்தான் அந்தப் படிப்புக்குப் போனாள், அவன்தான் சிவானந்தனை மீட்டுக் கொடுத்தான் என்று குட்மேய்ஸ் பக்கத்துத் தமிழர் சிலர் சொல்லித் திரிகிறார்கள். அது பொய். அப்படி ஒருவன் இருந்ததில்லை.