வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வாக்கியம்

ஃபாபோர்க் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை கடைசி மணியில் பாடம் கிடையாது. முறைவைத்து ஒருவர் வீட்டிலிருந்து கேக் செய்து வருவார். அதைத் தின்றுகொண்டே வகுப்பின் மனக்கசப்புகளைப் பேசித் தீர்ப்பார்கள். அந்த வாரம் சிக்ரித்தின் முறை.

சிக்ரித் அக்டோபரிலிருந்து வகுப்பில் வாய் திறக்கவில்லை. அந்த மாதம் ஒருநாள் காற்றாலைகளைப் பற்றி எல்லோர் முன்னும் பேசும்போது அவள் குரல் கீச்சென்று உடைந்தது, பின்வரிசை சிரித்தது. சிரித்தவர்கள் மறந்துவிட்டார்கள். அவள் மறக்கவில்லை. எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண். வாய்மொழித் தேர்வுக்கு நேராகக் குறிக்க ஆசிரியை போடிலிடம் ஒன்றுமில்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லார் முன்னாடியும் ஒரே ஒரு வாக்கியம் சொல்லு, போதும்," என்றிருந்தார் போடில். "முடியலன்னா பரவாயில்ல, திங்கக்கிழமை உங்க அம்மாவையும் கூப்பிட்டு உக்காந்து யோசிப்போம்."

அம்மாவுக்கு எதுவும் தெரியாது. தெரியவும் கூடாது என்பதில் சிக்ரித் உறுதியாக இருந்தாள். ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்தாள்: ‘எல்லாரும் எடுத்துக்கோங்க.’ வியாழன் மாலை, கேக்கின் மேல் ஊற்ற அடுப்பில் வெண்ணெயும் பழுப்புச் சர்க்கரையும் கொதிக்க, கண்ணாடி முன் நின்று நாற்பது முறை ஒத்திகை பார்த்தாள். அதற்குள் பாகு முற்றிவிட்டது.

மறுநாள் போடில் கேக்கில் கத்தியை இறக்கினார். கத்திதான் வளைந்தது.

"இது கேக்கா, கூரை ஓடா?" என்றான் பின்வரிசை பிர்க்.

வகுப்பு சிரித்தது. எடுக்கவே முடியாத கேக்கை எடுத்துக்கோங்க என்று எப்படிச் சொல்வது? சிக்ரித் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிர்க் பக்கத்து மரவேலை அறைக்கு ஓடி ஒரு ரம்பத்துடன் திரும்பினான். அதைக் கேக்கின் மேல் வைத்தான்.

மரவேலை அவளுக்கு அத்துப்படி. பொறுக்கவில்லை.

"டேய், நிறுத்துடா மடையா! ரம்பம் போட்டா சர்க்கரை பல்லுல அப்பிக்கும், அடியில இருக்கிறது பிஞ்சு போயிடும். துணியைச் சுத்தி மரச்சுத்தியால தட்டணும்!"

நடுவில் குரல் கீச்சென்று உடைந்தது. ரம்பம் அப்படியே நின்றது.

"உனக்குப் பேச வருமா?" என்றான் பிர்க்.

"வரும். போய் சுத்தியைக் கொண்டு வா. அப்படியே கையைக் கழுவிக்கோ."

சுத்தி வந்தது. சிக்ரித் தட்டினாள். ஆளுக்கொரு சில்லு கிடைத்தது. வாயில் போட்டதும் இருபத்தோரு பேருக்கும் போடிலுக்கும் பல்லோடு பல் ஒட்டிக்கொண்டது.

"யாக்காவது ஏஆவது ஒல்லணுமா?" என்று கேட்டார் போடில். மனக்கசப்பு நேரத்தைத் தொடங்கும் வழக்கமான கேள்வி அது.

பதிலுக்குத் தாடைகள் மட்டும் அசைந்தன. இன்னும் எதையும் வாயில் போடாதவள் சிக்ரித் ஒருத்திதான். அவள் விரலை உயர்த்தினாள்.

"அக்டோபர்ல நான் பேசறப்ப நீங்க சிரிச்சது எனக்குப் பிடிக்கல. அதனாலதான் பேசறதையே விட்டேன்."

பிர்க் நெஞ்சில் கை வைத்து, "ம்ம்ம்," என்றான்.

"முழுங்கிட்டுச் சொல்லு."

அவன் முழுங்கும்வரை வகுப்பே காத்திருந்தது.

"ஸாரி. நிஜமாத்தான். ஆனா இந்தக் கேக்குக்கு நீயும் எங்ககிட்ட ஸாரி சொல்லணும்."

ஒட்டிய பல்லோடு வகுப்பு சிரித்தது. சிக்ரித்துக்கும் சிரிப்பு வந்தது. இம்முறை அவளும் சேர்ந்து சிரித்தாள். போடில் டைரியைத் திறந்து திங்கட்கிழமைச் சந்திப்பைக் கோடு போட்டு அடித்தார். ஏதோ சொல்ல முயன்றார். பல் இன்னும் விடவில்லை.