இருபத்தாறு காலர்

எனக்கு மூக்கு நுனியில் கோபம். அது எங்கள் தையல் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். சூப்பர்வைசருக்கு நன்றாகவே தெரியும் என்பதைத்தான் நான் யோசிக்காமல் விட்டேன்.

சட்டைக்குக் காலர் வைப்பது எங்கள் வேலை. காலருக்கு இவ்வளவு என்று கூலி. குறைந்தபட்சக் கூலியை அரசாங்கம் ஏற்றப்போகிறது என்று பேச்சு கிளம்பியதும் முதலாளி மீட்டிங் போட்டார்.

"ஏத்தினா கம்பெனியை மூடிட்டு வீட்ல உட்கார்ந்துடுவேன்."

"மூடுங்க. உங்க வீட்டு வாசல்ல நாங்களும் வந்து உட்கார்றோம்" என்றாள் அண்ணி.

அண்ணி என் அண்ணன் பெண்டாட்டி. கம்பெனியில் எனக்கு அடுத்த மிஷின், வீட்டில் அடுத்த அறை. அவள் வாய்க்கு இருக்கிற வேகம் கைக்குக் கிடையாது. எனக்கு அவளைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும், அவளுக்கும் அப்படித்தான்.

முதலாளி கத்தியும் பலிக்கவில்லை. கூலி ஏறுவது நிச்சயமாயிற்று. ஆனால் எங்களைப் போல எண்ணிக்கைக்கு வேலை செய்கிறவர்களுக்கு ஒரு சங்கதி பாக்கி. அதிகாரி வருவார், ஏதோ ஒரு மிஷினைக் காட்டி, அங்கே இருப்பவள் ஒரு மணி நேரத்தில் எத்தனை காலர் வைக்கிறாள் என்று பார்ப்பார். அதற்கப்புறம் எல்லோரும் அத்தனை வைத்தால்தான் புதுக் கூலி.

அண்ணி வரிசை வரிசையாகப் போய் எல்லோரிடமும் சொல்லிவைத்தாள். "யாரைக் காட்டினாலும் இருபத்தாறு. அதுக்கு மேல ஒண்ணு வேண்டாம்."

இருபத்தாறு அவளுடைய கணக்கு. கட்டைவிரல் மூட்டு வீங்கியதிலிருந்து அதற்கு மேல் அவளால் முடியவில்லை. நான் நாற்பத்து நாலு.

"உங்களுக்காக நாங்க எல்லாரும் நொண்டணுமா?" என்றேன்.

"ஒரு மணி நேரம் கையை அடக்கினா நீ ஒண்ணும் தேய்ஞ்சு போயிட மாட்டே."

"வேகமாத் தைக்கக் கத்துக்குங்கன்னு பத்து வருஷமா தலைபாடா அடிச்சுக்கிட்டேன்."

"உங்கிட்ட கத்துக்கறதுக்குப் பட்டினி கிடக்கலாம்."

ஆனாலும் சம்மதித்தேன். புதுக் கூலி வந்ததும் விரலை டாக்டரிடம் காட்டப்போவதாக அவள் அண்ணனிடம் சொன்னது சுவர் வழியாக என் காதில் விழுந்திருந்தது. எனக்கும் நெஞ்சு என்று ஒன்று இருக்கிறது.

அதிகாரி வந்தார். மூன்றாவது வரிசை, ஐந்தாவது மிஷின் என்று கை காட்டினார். என்னுடையது.

ஐந்து நிமிஷம் ஒழுங்காக ஊர்ந்தேன். சூப்பர்வைசர் என் பின்னால் வந்து நின்றார்.

"என்னம்மா, கை தளர்ந்துபோச்சா?"

பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்: "நீயும் உங்க அண்ணி மாதிரியே ஆயிட்டே, பாவம்."

அவ்வளவுதான். யார், நானா? அவள் மாதிரியா? அதற்கப்புறம் என் கால் பெடலை விட்டு எழவில்லை. அண்ணி இருமினாள். மறுபடி இருமினாள். நூல்கண்டைத் தரையில் தட்டிவிட்டாள். நான் திரும்பவே இல்லை.

நாற்பத்திரண்டு. அதிகாரி எழுதிக்கொண்டார். அதோடு வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். "முதல்ல கொஞ்சம் மெதுவாத் தெச்சுட்டேன் சார், இல்லேன்னா இன்னும் ரெண்டு போட்டிருப்பேன்" என்றேன். சூப்பர்வைசர் முகத்தில் சிரிப்பு. அதைப் பார்த்தபோதுதான் செய்த காரியம் எனக்கு உறைத்தது.

அடுத்த வாரம் பலகையில் நோட்டீஸ் ஒட்டினார்கள். நாங்கள் கேட்ட கூலி அப்படியே வந்திருந்தது, மணிக்கு நாற்பத்திரண்டு காலர் வைக்கிறவர்களுக்கு. கம்பெனியை மூடுவேன் என்ற முதலாளி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். என் பக்கத்தில் நின்று யாரும் குடிக்கவில்லை. சண்டைக்கு வருவாள் என்று அண்ணியைப் பார்த்தேன். வரவில்லை.

மறுநாள் காலை, மணி அடிக்குமுன் அவள் தன் ஸ்டூலை இழுத்து என் மிஷின் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கத்துக்கொடு."

"அண்ணி, நான் வேணும்னு—"

"அதெல்லாம் கேட்டேனா? எப்படி அவ்வளவு வேகம், அதைச் சொல்லு."

வேகத்தில் ரகசியம் ஒன்றும் இல்லை. காலர் முனையைக் கட்டைவிரலால் அழுத்தி ஒரே தள்ளில் திருப்ப வேண்டும். சொன்னேன். அவள் ஒரு காலரை எடுத்து, வீங்கிய விரலை வைத்து அழுத்தினாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"விடுங்க அண்ணி. வலிக்குது உங்களுக்கு."

"உன் இரக்கத்தை நீயே வெச்சுக்கோ. அடுத்தது என்ன?"

சொன்னேன்.